கரையை வெட்டிக் கடலை உள்ளே விட்டால் பறவைகள் பிழைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. லண்டனுக்குக் கிழக்கே, எசெக்ஸ் கடலோரத்தில் உள்ள வாலசீ தீவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கோதுமை விளைந்த நிலத்தைக் காத்துவந்த மண்கரையை அவர்களே வெட்டி, கடலை உள்ளே விட்டிருப்பதைக் கண்டு திகைத்திருக்கிறீர்கள். குளிர்காலத்தில் வரும் வாத்துகளுக்காகவும், சேற்றில் கொத்தி மேயும் உள்ளான்களுக்காகவும் செய்தது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். “பறவைக்குத்தான் சிறகு இருக்கிறதே, பக்கத்துக் கழிமுகத்துக்குப் போகாதா? இவ்வளவு செய்ததில் உண்மையிலேயே பயன் உண்டா?” என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பறவையின் இடத்தை நாம் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு இடம் இருக்கிறதா, இல்லையென்றால் நம்மால் ஓர் இடத்தை உண்டாக்கித் தர முடியுமா? கழிமுகச் சேற்றில் வாழும் உயிர்களையும் அவற்றைத் தின்னும் பறவைகளையும் படித்தவன் நான். பல குளிர்காலங்களாக இந்தக் கிழக்குக் கரையில் பறவைக் கணக்கெடுப்பிலும் இருந்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். நிலத்தின் விலை, விவசாயிக்குத் தரவேண்டிய இழப்பீடு ஆகியவை என் துறை அல்ல. அவற்றைப் பற்றித் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை.

முதலில் சேற்றைப் பார்க்கவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் சாம்பல் நிற வெளி. கடல் வற்றியிருக்கும்போது ஒரு மண்வெட்டி சேற்றை அள்ளி, கண் மிகச் சிறிதான சல்லடையில் இட்டுக் கடல்நீர் ஊற்றி அலசுங்கள். சேறு கரைந்து போனபின் சல்லடையில் நெளிந்துகொண்டும் துள்ளிக்கொண்டும் ஒரு கூட்டமே மிஞ்சும். அரிசி மணியிலும் சிறிய நத்தைகள், இளஞ்சிவப்பு ஓடுள்ள சிறு மட்டிகள், இறால் குஞ்சைப் போன்ற பொடி உயிர்கள், பக்கவாட்டில் கால் வரிசையுள்ள செம்புழுக்கள். ஒவ்வொரு பறவையும் இதில் தன் பங்கை வேறுவிதமாக எடுக்கிறது. சிவந்த காலுள்ள பவளக்காலி மேல் சேற்றில் ஓடி ஓடிப் பொடி உயிர்களைக் கொத்துகிறது. நாட் என்ற உள்ளான் மட்டியை ஓட்டோடு விழுங்கி இரைப்பையில் வைத்து நொறுக்குகிறது. நீண்டு வளைந்த அலகுள்ள பெரிய கோட்டான் (ஆந்தை அல்ல, இதுவும் கரைப்பறவைதான்) ஆழத்தில் கிடக்கும் புழுவை உருவி எடுக்கிறது. இந்தச் சேறு நாளுக்கு இருமுறை நீருக்குள் மறைந்துவிடும். ஆகவே இரை தேடக் கிடைக்கும் நேரம் அளவானது. பல உள்ளான்கள் இரவிலும் மேய்வது இதனால்தான். கடுங்குளிரில் நிலைமை இன்னும் இறுகுகிறது. உடம்புச் சூட்டைக் காக்க அதிக இரை வேண்டியிருக்கும் அதே நாட்களில் புழுக்கள் ஆழத்துக்கு இறங்கி அசையாமல் கிடக்கின்றன. பவளக்காலியின் எடை ஏறத்தாழ 150 கிராம். அது சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பு சில நாட்களுக்கு மேல் தாங்காது. 1991 பிப்ரவரியில் கடுங்குளிர் வந்தபோது, இங்கிலாந்தின் பெரிய கழிமுகங்களில் ஒன்றான வாஷ் விரிகுடாவில் பவளக்காலிகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கரையொதுங்கின.

இனி, பக்கத்துக்குப் போகாதா என்ற கேள்வி. போகும். போன இடத்தில் என்ன ஆகிறது என்பதை அளந்து பார்த்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், இரண்டு ஆறுகள் கலக்கும் முகத்துவாரத்தின் குறுக்கே அணை கட்டி, 1999 நவம்பரில் அதை மூடினார்கள். சுமார் 200 ஹெக்டேர் சேற்றுவெளி நன்னீர் ஏரியாகி நிரந்தரமாக நீருக்கடியில் போனது. அங்கே மேய்ந்த பவளக்காலிகளுக்கு முன்கூட்டியே காலில் வளையம் போட்டிருந்ததால் அவற்றைப் பின்தொடர முடிந்தது. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் தள்ளியிருந்த அடுத்த கழிமுகத்துக்குப் போயின. அங்கே முதல் குளிர்காலத்தில் அவற்றின் எடை குறைந்தது. ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுவரை உயிரோடிருக்கும் பறவைகளின் விகிதம் நூற்றுக்குச் சுமார் 85-இலிருந்து 78-ஆக இறங்கியது. ஏழுதானே குறைந்தது என்று தோன்றலாம். இறப்பின் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூற்றுக்குப் பதினைந்து செத்த இடத்தில் இருபத்திரண்டு சாகின்றன, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏற்கெனவே அந்த அடுத்த கழிமுகத்தில் இருந்த பவளக்காலிகளுக்கு அப்படிப்பட்ட சரிவு இல்லை. எந்தச் சேற்றில் எந்த மூலை எப்போது திறக்கும், பருந்து எங்கிருந்து பாயும் என்றெல்லாம் உள்ளூர்ப் பறவைக்குத் தெரியும். நல்ல மூலைகள் அதன் கையில் இருக்கும். புதிதாக வந்தது ஓரங்களில் மேய வேண்டியதுதான். கார்டிஃபில் இழந்ததற்கு ஈடாக நியூபோர்ட் அருகே ஒரு காப்பிடம் அமைத்தார்கள். நாணல் காடும் ஈரப் புல்வெளியும் உள்ள அழகான இடம் அது. வேறு பல பறவைகள் அதனால் வாழ்கின்றன. ஆனால் போனது கடல் ஏறி வற்றும் சேறு. அந்தச் சேறு திரும்ப வரவில்லை.

இதைவிடப் பெரிய சான்று தென்கொரியாவில் இருக்கிறது. சேமங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடல் சுவர் எழுப்பி 2006 ஏப்ரலில் இறுதி இடைவெளியையும் மூடினார்கள். சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் பெரிய நாட் உள்ளான்கள் இறங்கி இளைப்பாறி மேயும் தலையாய இடங்களில் ஒன்று அது. அவை பக்கத்துச் சேற்றுவெளிகளுக்குப் போயிருக்குமென்று நம்பியவர்கள் இருந்தார்கள். ஆய்வாளர்கள் அங்கெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். காணாமல்போன பறவைகளின் எண்ணிக்கைக்கு ஈடான உயர்வு எங்கும் இல்லை. அவை குளிர்காலம் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரையிலும் எண்ணிக்கை சரிந்தது. பல்லாயிரம் பறவைகள் இடம் மாறவில்லை, இறந்துபோயின என்பதே அதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என்னால் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடியும். சிறகு இருப்பதால் மட்டும் பறவைக்கு இடம் கிடைத்துவிடாது. நல்ல கழிமுகங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன.

வாலசீயில் கரையை முதலில் வெட்டியது அதே 2006-ஆம் ஆண்டு ஜூலையில். அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. கென்ட் மாவட்டத்தில் மெட்வே கழிமுகத்தின் ஓரத்தில் லாப்பெல் பேங்க் என்றொரு சேற்றுவெளி இருந்தது, சுமார் 22 ஹெக்டேர். 1993-இல் அந்தக் கழிமுகத்தைப் பறவைகளுக்கான சிறப்புக் காப்பிடமாக அறிவித்த பிரிட்டிஷ் அரசு, ஷீர்னஸ் துறைமுகத்தின் விரிவாக்கத்துக்காக இந்த ஒரு பகுதியை மட்டும் எல்லைக்கு வெளியே விட்டது. பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கம் வழக்குப் போட்டது. 1996 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: காப்பிடத்தின் எல்லையை வகுக்கும்போது பறவைகளின் தேவையை மட்டுமே பார்க்கவேண்டும், பொருளாதார லாபத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. சட்டத்தில் பெரிய வெற்றிதான். ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது வேலையை நிறுத்திவைக்க இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. தீர்ப்பு வந்தபோது சேற்றின் மேல் துறைமுகம் எழுந்துவிட்டது. அந்த இழப்புக்கும், ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்காகப் போன மற்றொரு சேற்றுவெளிக்கும் ஈடாகத்தான் வாலசீயின் வடகரையில் 115 ஹெக்டேர் நிலத்துக்குள் கடலை விட்டார்கள். தீர்ப்புக்கும் ஈடுக்கும் இடையில் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. பவளக்காலியின் சராசரி ஆயுள் நான்கு ஆண்டுகள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நிலம் போயிற்றே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நிலம் இருந்த நிலையைச் சொல்லவேண்டும். எசெக்ஸ் கடலோர வயல்களில் பல, முன்பு உவர்ச்சதுப்பாக இருந்து கரை போட்டு மீட்கப்பட்டவை. நீரை வடித்துவிட்டால் களிமண் காய்ந்து இறுகித் தாழ்ந்துபோகும். கரைக்கு வெளியே ஒவ்வொரு கடல் ஏற்றத்தின்போதும் வண்டல் படிந்து சதுப்பு உயர்கிறது. உள்ளே அப்படி எதுவும் படிவதில்லை. வாலசீ வயல்கள் வெளியே ஏறும் கடல்நீர் மட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் கீழே கிடந்தன. அங்கிருந்த கரையும் பலவீனமாகிவிட்டது. 1953 ஜனவரி 31 இரவு வந்த கடல்வெள்ளத்தில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர் இறந்தார்கள். இந்தக் கரையோர ஊர்களில் அது இன்னும் மறக்கப்படவில்லை. கடல் மட்டமும் உயர்ந்துவருகிறது. முன்னே கடல் ஏற, பின்னே அசையாத கரை நிற்க, நடுவே மாட்டிக்கொண்ட உவர்ச்சதுப்பு ஆண்டுதோறும் அரிந்துபோகிறது. சதுப்பு இருந்தால் அலையின் வேகத்தை அதுவே பாதி வாங்கிக்கொள்ளும். அது போனால் அலை நேராகக் கரையில் மோதும். ஆகவே உள்ளே தள்ளி ஒரு புதிய கரை போட்டு, பழைய கரையை வெட்டுவது பறவைக்காக மட்டும் செய்யும் காரியம் அல்ல. பின்னால் குடியிருப்பவர்களுக்கும் அது காப்பு.

அதே தீவில் அடுத்து நடந்தது இன்னும் பெரிய வேலை. லண்டனுக்கு அடியில் கிராஸ்ரெயில் சுரங்கப் பாதை தோண்டியபோது வெளிவந்த மண்ணில் 30 லட்சம் டன்னுக்கு மேல் கப்பலில் கொண்டுவந்து கொட்டி நிலத்தை உயர்த்தினார்கள். எதற்காக அவ்வளவு மண் என்று பலர் கேட்பதுண்டு. தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் அப்படியே கடலை விட்டால் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் மிகப்பெரிய அளவில் நீர் உள்ளே பாய்ந்து வெளியேறும். இரு பக்கமும் உள்ள க்ரவுச், ரோச் ஆறுகளின் ஓட்டமே மாறி, இருக்கிற சேற்றையும் அரித்துவிடும். மேலும் பறவைக்கு எப்போதும் நீர் நிற்கும் ஆழம் பயன்படாது. சில அங்குல உயர வேறுபாட்டில்தான் ஓரிடம் சேறாகவும் அடுத்த இடம் சதுப்பாகவும் அமைகிறது. நிலத்தை மேடும் பள்ளமுமாக வடிவமைத்து, ஓடைகள் வெட்டி, 2015 ஜூலையில் கரையைத் திறந்தார்கள். நீங்கள் நின்று பார்த்தது பெரும்பாலும் அந்தப் பகுதியாகத்தான் இருக்கவேண்டும்.

பயன் உண்டா? சேறு வருகிறது, சேற்றில் உயிர் வருகிறது, அதைத் தேடிப் பறவை வருகிறது. இதில் ஐயமில்லை. நத்தைகளும் புழுக்களும் ஓரிரு ஆண்டுகளிலேயே குடியேறிவிடுகின்றன. நிதானமாக வளரும் மட்டிகளுக்கு அதைவிட நீண்ட காலம் பிடிக்கிறது. எனவே புழுவும் பொடி உயிர்களும் தின்னும் பவளக்காலி, டன்லின் என்ற சிறு உள்ளான் போன்றவை முதலில் வரும், மட்டியை நம்பும் நாட் பின்னால் வரும். ஐயம் வருவது நீண்டகாலக் கணக்கில்தான். ஹம்பர் கழிமுகத்தில் 2003-இல் திறந்த ஓர் இடத்தில் வண்டல் மிக வேகமாகப் படிந்தது. சேற்றுவெளிக்கு ஈடாக என்று உண்டாக்கிய இடம், உயர்ந்து உயர்ந்து செடி முளைத்துச் சதுப்பாக மாறத் தொடங்கிவிட்டது. சதுப்பும் நல்லதுதான், ஆனால் சேற்றில் மேயும் பறவைக்கு அது ஈடாகாது. இப்படி உண்டான சதுப்புகளில் செடிகளும் பழைய சதுப்புகளைப் போல் அமைவதில்லை. இருக்கவேண்டிய இனங்கள் சில குறைவாகவும், முதலில் ஓடிவந்து முளைக்கும் இனங்கள் அதிகமாகவும் உள்ளன. பல பத்தாண்டுகள் ஆன இடங்களிலும் இந்த வேறுபாடு மறையவில்லை. ஆகவே நான் கரை திறப்பதை முழு மனதோடு ஆதரிக்கிறேன், கடல் அரித்துக்கொண்டு போவதை ஈடுசெய்வதற்காக. வேறோர் இடத்தை அழிக்க அனுமதி வாங்கித் தரும் சீட்டாக அதைப் பயன்படுத்துவதை ஆதரிக்கவில்லை.

வாத்துகளின் கதை கொஞ்சம் வேறு. இங்கே வருவது பிரென்ட் வாத்தின் கருவயிற்று வகை. கறுத்த தலை, கழுத்தில் சின்ன வெள்ளைக் கீற்று. ரஷ்யாவின் வடகோடியில் தைமிர் தீபகற்பத்தில் குஞ்சு பொரித்து, அக்டோபர் வாக்கில் இந்தக் கரைக்கு வந்துசேரும். அதற்குப் பிடித்தது சேற்றில் வளரும் கடற்புல். 1930-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரு நோய் பரவிக் கடற்புல் அழிந்தது, வாத்தும் குறைந்தது. வேட்டையும் சேர்ந்துகொள்ள, 1950-களின் நடுவில் இந்தக் கருவயிற்று வகையில் எஞ்சியவை ஏறத்தாழ 16,500 மட்டுமே. பிரிட்டனில் 1954-இலும் டென்மார்க்கில் 1972-இலும் வேட்டை நின்றபின் எண்ணிக்கை ஏறி, 1990-களில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மீண்டதற்கு வேட்டைத் தடை முக்கியக் காரணம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கரைக்குள் இருக்கும் கோதுமைப் பயிரையும் புல்லையும் மேயக் கற்றுக்கொண்டதும் உதவியது. அதில் எவ்வளவு பங்கு எதற்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். கடற்புல் இலையுதிர் காலத்திலேயே தின்று தீர்ந்துவிடும், பிறகு பச்சைப் பாசி, பிறகு சதுப்புச் செடி, அதன்பின் வயல். வாத்தின் குடல் புல்லை முழுமையாகச் செரிப்பதில்லை. பகல் முழுக்க மேய்ந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் வாத்தைக் காப்பதென்றால் சேற்றை மட்டும் காத்தால் போதாது. கரைக்கு உள்ளே மேய ஒரு புல்வெளியும் ஒதுக்கவேண்டும், இல்லையென்றால் பாரம் முழுவதும் விவசாயியின் கோதுமையில் விழும். வாலசீக்குப் பக்கத்திலேயே, ஃபௌல்னஸ் தீவை ஒட்டிய மேப்ளின் மணல்திட்டு ஒரு காலத்தில் இந்த வாத்துகளின் மிகப்பெரிய மேய்ச்சலிடமாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் லண்டனின் மூன்றாவது விமான நிலையத்தை அங்கே கட்ட முடிவாகியிருந்தது. 1974-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். வாத்துக்காகப் போராடியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் திட்டம் நின்றது முக்கியமாகப் பணத்தால்தான்.

தமிழர் என்பதால் உங்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலகு கீழ்நோக்கி வளைந்த உள்ளான் ஒன்று கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாக வருகிறது. அதுவும் தைமிர் பக்கத்தில் குஞ்சு பொரிப்பதே. அங்கே லெம்மிங் என்ற எலி வகை சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருகும். பெருகிய ஆண்டில் நரிகள் எலியைத் தின்று வாத்துக் குஞ்சையும் உள்ளான் குஞ்சையும் விட்டுவிடும். அடுத்த ஆண்டு எலி குறைய, குஞ்சுகள் தப்புவதில்லை. எசெக்ஸில் இளவாத்துகள் நிறைந்திருக்கும் குளிர்காலமும் தெற்கே இந்த உள்ளானின் இளம்பறவைகள் அதிகம் வரும் குளிர்காலமும் பெரும்பாலும் ஒத்துப்போவது இதனால்தான். ஓர் ஆண்டின் எண்ணிக்கையை வைத்து ஒரு கழிமுகம் நன்றாக இருக்கிறது, கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது. குளிர் குறைந்துவருவதால், முன்பு பிரிட்டனின் மேற்குக் கரைவரை வந்த உள்ளான்கள் இப்போது கிழக்கிலேயே தங்கிவிடுகின்றன. மேற்கே எண்ணிக்கை குறைந்தால் அங்குள்ள சேற்றின் குற்றமாக இருக்கவேண்டும் என்பதில்லை. எனவே ஓரிடத்தின் போக்கைச் சுற்றுவட்டாரத்தின் போக்கோடு ஒப்பிட்டபின்பே பேசுவோம். அந்த ஒப்பீட்டுக்காகத்தான் நாடு முழுவதும் தன்னார்வலர்கள் மாதாமாதம் ஒரே நாளையொட்டிப் போய் எண்ணுகிறார்கள்.

நடைப்பயிற்சிக்கு நாயை அழைத்துப்போவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். மனித நடமாட்டத்தால் பறவை எழும்புகிறது, மேயும் நேரம் குறைகிறது, பறப்பதில் சக்தி வீணாகிறது என்பதெல்லாம் உறுதி. அதனால் மொத்த எண்ணிக்கையே சரிகிறதா என்பது குளிரின் கடுமையையும் இரையின் அளவையும் பொறுத்தது. மிதமான குளிர்காலத்தில் பறவை ஈடுகட்டிவிடும், கடுங்குளிரில் முடியாது. தென்கரையில் சொலென்ட் பகுதியில் கரையிலிருந்து 5.6 கிலோமீட்டருக்குள் கட்டப்படும் ஒவ்வொரு புது வீட்டுக்கும் ஒரு தொகை வாங்கி, அந்தப் பணத்தில் கரையோரக் காவலர்களை வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது எளிது. கடல் முழுதும் ஏறியிருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் பறவைகள் சதுப்பின் ஓரத்தில் நெருங்கி நின்று ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் நாயைக் கயிற்றில் பிடித்து, கரையின் மேலே நடக்காமல் நிலப்பக்கச் சரிவில் நடந்தால் போதும். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் அவற்றுக்குத் தெரியாது. நிலம் உறைந்து கிடக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் படகுத்துறைக்கோ துறைமுகத்துக்கோ சேற்றை எடுக்கும் திட்டம் ஏதேனும் கருத்துக் கேட்புக்கு வரும்போது நீங்களும் எழுதுங்கள். அங்கே மேய்ந்த அதே பறவைகள் மேயக்கூடிய சேறுதான் ஈடாக வருகிறதா, அல்லது புல்வெளியும் நாணலுமா என்று கேளுங்கள். அந்தச் சேறு எந்த ஆண்டு திறக்கப்படும், அதில் புழுவும் மட்டியும் எண்ணிப் பார்க்கப்பட்டபின்புதான் இங்கே முதல் தூண் இறங்குமா என்றும் கேளுங்கள். வண்டல் படிந்து உயர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள், அதை எத்தனை ஆண்டு யார் செலவில் கண்காணிப்பார்கள் என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத திட்டத்தை நான் எதிர்த்தே வந்திருக்கிறேன்.